தெருமுனையில் நிறுத்திய கார்

 

மார்க்க விஷயங்களைப் பேசிவரும் இப்பக்கத்தில் இம்மாதம் ஒரு காரைப் பற்றி எழுத இருக்கிறேன். வியப்படைய வேண்டாம். மார்க்கத்திற்கும் இதற்கும் உள்ள தொடர்பு முடிவில் உங்களுக்கே புலப்படும்.

அறந்தாங்கியில் வசிக்கும் நான் நெடுநாளாக மோட்டார் சைக்கிளையே நம்பி வாழ்ந்தவன். முன்னால் மகன், பின்னால் மனைவி, இடையில் மகள் என நால்வரும் அதிலேயே போய்வருவோம். மார்கழி மாதத்து இரவொன்றில் ஆவுடையார்கோவிலிலிருந்து திரும்புகையில், டாங்கின் மீது அமர்ந்திருந்த மகன் உறங்கிச் சரிந்துவிட்டான். என் இடக்கை அவன் சட்டையைப் பற்றிக்கொண்டது அல்லாஹ்வின் அருள். வீடு வந்து சேரும்வரை எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்துடன், முழங்கால் வலியால் அவதியுறும் என் தாயார் மோட்டார் சைக்கிளில் ஏறவே இயலாதவர்.

புதுக் கார் வாங்க வேண்டுமானால் வட்டிக் கடன் வாங்க வேண்டும். வட்டியின் தீமையைப் பிள்ளைகளுக்குப் போதித்துவிட்டு நானே அதில் இறங்குவது எப்படி? கையிலிருந்த சேமிப்புடன் மனைவி மனமுவந்து தந்த வளையல்களின் விலையையும் சேர்த்து, 2013-ஆம் ஆண்டில் பதிவான பழைய நானோ கார் ஒன்றை ரொக்கம் கொடுத்து வாங்கினேன்.

இந்தக் கார் பிறந்த கதையை நீங்கள் அறிந்திருக்கலாம். மழையில் ஒரே ஸ்கூட்டரில் ஒரு குடும்பமே நனைந்துகொண்டு போனதைக் கண்டதுதான் தமக்குத் தூண்டுகோல் என்று ரத்தன் டாடா சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சியில் அதை அறிமுகப்படுத்தி, ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார். 2009-இல் அது விற்பனைக்கு வந்தது. 1983-இல் வந்த மாருதி 800 நடுத்தரக் குடும்பங்களுக்குக் காரைக் கொண்டுவந்தது போல, இது மோட்டார் சைக்கிள் குடும்பங்களுக்குக் கொண்டுவரும் என்று எதிர்பார்த்தார்கள்.

எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. குஜராத்தின் சானந்த் ஆலை ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார்களைத் தயாரிக்க வல்லதாக இருந்தது. விற்பனையோ எந்த ஓராண்டிலும் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. 2018 ஜூன் மாதத்தில் உற்பத்தியானது ஒரே ஒரு கார். பின்னர் நானோவின் வரலாறு முடிவுக்கு வந்தது. காரணங்கள் பல உண்டு. "மிக மலிவான கார்" என்ற பெயரே அதற்குக் களங்கமாகிவிட்டது என்பதை ரத்தன் டாடாவே பின்னர் ஒப்புக்கொண்டார். ஏழைக்கு உதவ வந்த பொருளை, ஏழை என்ற பெயருக்கு அஞ்சி மக்கள் ஒதுக்கினார்கள்.

ஓட்டிய அனுபவத்தைச் சொல்கிறேன். என்ஜின் பின்புறம் இருக்கிறது. 624 சி.சி., இரண்டே சிலிண்டர்கள். ஓசை முதுகுக்குப் பின்னாலிருந்து வருவது முதலில் புதுமையாக இருக்கும். பெட்ரோல் ஊற்றும் வாய் முன்புற மூடிக்குள் இருப்பதால், பங்க்கில் நிற்கும் பையன் காரை ஒருமுறை சுற்றிவந்து சிரிப்பான். எங்கள் காருக்குப் பின்கதவு கிடையாது. பைகளைப் பின்சீட்டை மடக்கித்தான் உள்ளே வைக்க வேண்டும். கியர் நான்குதான். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பச் சற்றுக் கைவலு வேண்டும். நகரத் தொடங்கிவிட்டாலோ அது இலகுவாகிவிடும்.

மூன்று மீட்டரைச் சற்றே தாண்டும் நீளம்தான் என்பதால் கடைத்தெரு நெரிசலில் ஆட்டோ நுழையும் சந்திலும் அது நுழைந்துவிடும். கூரை உயரமானது, இருக்கையும் உயரமானது. என் தாயார் குனியாமல், யார் கையையும் பிடிக்காமல், நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்துவிடுவார்கள். அதைக் கண்ட முதல் நாளில் கொடுத்த பணம் முழுவதும் எனக்குத் திரும்பி வந்துவிட்டதாகவே உணர்ந்தேன்.

குறைகளை மறைப்பதும் நேர்மையன்று. கண்மாய்க் கரைச் சாலைகளில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் இதமாகச் செல்லும் கார், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடற்காற்று வீசும்போது லேசாக ஒதுங்கும். உயரம் அதிகம், எடையோ குறைவு. 2014-இல் குளோபல் என்காப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில், காற்றுப்பை இல்லாத நானோ உள்ளிட்ட ஐந்து சிறு கார்கள் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. ஆகவே இத்தகைய காரை வைத்திருப்போர் வேகத்தை ஆசைப்படக் கூடாது. சீட் பெல்ட் அணியாமல் சாவியைத் திருகக் கூடாது. நமக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இனி, நான் சொல்லக் கூசும் செய்திக்கு வருகிறேன்.

கோட்டைப்பட்டினத்தில் உறவினர் வீட்டுத் திருமணம். அன்று காலை மதரஸாவில் நான் நடத்திய பாடம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கழுதையின் மீது ஏறிச் சென்றதையும், முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களைத் தமக்குப் பின்னால் அமர்த்திக்கொண்டதையும் கூறும் ஹதீஸ். வாகனத்தில் பெருமை இல்லை என்று பிள்ளைகளுக்கு உருக்கமாக விளக்கினேன். பிறகு குடும்பத்துடன் மீமிசல் வழியாகப் புறப்பட்டேன்.

திருமண வீட்டுத் தெருவில் வளைகுடாவிலிருந்து வந்த சகோதரர்களின் பெரிய கார்கள் வரிசையாக நின்றன. மணமகனுக்குப் பெண் வீட்டார் வாங்கிக் கொடுத்த புதுக் காரும் மாலை சூடி நின்றது. கொடுக்க வேண்டிய மஹரை மறந்து கேட்டு வாங்கும் அவலத்தைப் பற்றிப் பிறகொரு மாதம் எழுதுகிறேன். அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தக் கார்களின் பளபளப்பு மட்டுமே. ஸ்டியரிங் தானாகத் திரும்பியதுபோல், இரண்டு தெரு தள்ளி ஒரு முனையில் காரை நிறுத்தினேன்.

வெயில், மணல். தாயார் என் தோளைப் பற்றியபடி, நின்று நின்று நடந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது மகள்தான்.

"ஏன் அத்தா, கல்யாண வீட்டு வாசல்லயே இடம் இருக்கே, இவ்வளவு தூரத்துல ஏன் நிறுத்தினீங்க?"

பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அந்தக் காரை வாங்கியதே இந்த முழங்கால்களுக்காகத்தான். யாருடைய வலியைப் போக்க வாங்கினேனோ, அவரையே என் கௌரவத்துக்காக நடக்க வைத்துவிட்டேன். காலையில் பாடம் நடத்திய நாவும் நண்பகலில் காரை ஒளித்த கையும் ஒரே மனிதனுடையவைதாம். தாயாரை ஒரு திண்ணையில் அமரச் செய்து, திரும்பிப் போய்க் காரை எடுத்துவந்தேன். அவரை ஏற்றிக்கொண்டு போய், பெரிய கார்களுக்கு நடுவில், திருமண வீட்டு வாசலிலேயே இறக்கினேன்.

ஒருவர் சிரித்துக்கொண்டே, "என்ன ஹஜ்ரத், ஆட்டோவுக்குக் கதவு போட்டுட்டீங்களா?" என்றார். நானும் சிரித்தேன். திரும்பும்போது அவருடைய வயதான மாமியாரே, ஏறுவதற்கு எளிதாக இருக்கிறது என்று சொல்லி, பஸ் நிறுத்தம்வரை எங்கள் காரில்தான் வந்தார்.

சகோதரர்களே! இதமான வாகனம் ஒரு மனிதனின் நற்பேறுகளுள் ஒன்று என்னும் கருத்து ஹதீஸில் வந்துள்ளது. விசாலமான வீடும் நல்ல அண்டை வீட்டாரும் அதில் உடன் சொல்லப்படுகின்றனர். விலையுயர்ந்த வாகனம் என்று அதில் இல்லை. வசதி படைத்தவர் பெரிய காரில் செல்வதில் தவறேதும் கிடையாது. வசதி இல்லாதவர் ஊராரின் பார்வைக்கு அஞ்சி வட்டிக்கு வாங்குவதும், இருப்பதை எண்ணிக் கூசுவதுமே நோய். அந்நோய் ஆலிமையும் விட்டுவைப்பதில்லை என்பதற்கு நானே சாட்சி.

வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆவை எண்ணிப் பாருங்கள். இதை வசப்படுத்தித் தந்தவன் இறைவன், நமக்கு அந்தச் சக்தி இருந்ததில்லை என்பதே அதன் கருத்து. அதை நாவால் ஓதிவிட்டு, வாகனத்தைக் கொண்டு ஒருவர் பெருமை கொள்வதற்கோ, இன்னொருவர் வெட்கப்படுவதற்கோ என்ன இருக்கிறது?

இப்போதெல்லாம் நான் காரை வாசலிலேயே நிறுத்துகிறேன். வஸ்ஸலாம்.