கணக்கிற் காடும் மலையிற் காடும்

காடுகள் அழிகின்றனவே என்று வருந்துவாரை நோக்கி, காப்புக் காடுகளேனும் அழியாது நிற்கின்றன என ஆறுதல் கூறுவார் பலர். அவ்வாறுதல் எத்துணை உண்மையுடையது என்பதனை, நீலகிரி மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இன்றும் நடைமுறையிலுள்ள காட்டுச் சட்டம், சென்னை மாகாணத்தில் 1882-ஆம் ஆண்டிற் பிறந்தது. காப்புக் காடென அறிவிக்கப்பெற்ற நிலத்தில் இசைவின்றி மரம் வெட்டுதலும் கால்நடை மேய்த்தலும் அதன்படி குற்றமாம். கோடரியுடன் நுழையும் தனியொருவனைத் தடுக்க இஃதோர் அரண் என்பதில் ஐயமில்லை. ஆயின், காப்போரே காட்டின் இயல்பை மாற்றுவாராயின் அவ்வரண் என் செய்யும்? வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று நீலகிரியில் நிகழ்ந்தது.

அம்மலையின் உச்சிப் பரப்பு இயற்கையில் இருவகைப்பட்டது. பள்ளங்களிலும் ஓடைக் கரைகளிலும் அடர்ந்து நிற்பன சோலைகள். மேடுகளிலும் சரிவுகளிலும் விரிந்து கிடப்பன புல்வெளிகள். பெய்யும் மழையை உள்வாங்கி, கோடையினும் சிறிது சிறிதாய் ஓடைகட்கு ஈவன இவ்விரண்டுமேயாம். பவானியும் பைக்காராவும் இங்குத் தோன்றி முடிவிற் காவிரியிற் சேர்கின்றன. வரையாடு மேய்வதும், தோடர் தம் கோயிற் கூரைக்கு வேயும் புல் வளர்வதும் இம்மேட்டு நிலத்திலேயே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆங்கிலேயர், ஆஸ்திரேலியாவினின்றும் கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொணர்ந்து நட்டனர். முதலில் விறகுக்கென வந்த அவை, நாடு விடுதலை பெற்ற பின்னர்த் தோல் பதனிடும் பட்டைக்கும் செயற்கைப் பட்டிற்குரிய மரக்கூழுக்குமெனக் காப்புக் காடுகளுள்ளேயே பெரிதும் பரப்பப்பட்டன. மின்சாரத்திற்கென எழுந்த அணைகளின் நீரிற் சில பள்ளத்தாக்குகள் மூழ்கின. 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையினின்றும் திரும்பிய தோட்டத் தொழிலாளர் வாழும் பொருட்டு, 1968 முதல் அரசினரே காட்டு நிலத்தில் தேயிலை பயிரிட்டனர். அவ்வேழை மக்கட்குப் பிழைப்பு வேண்டுவதே. அதனை மறுப்பார் யார்? ஆயினும் அப்பிழைப்பின் விலையைக் காடு கொடுத்ததென்பதை மறத்தலும் ஆகாது.

இனி, வியப்பொன்று கூறுவோம். இந்திய வன அளவை நிறுவனத்தார் 1987 முதல் நாட்டின் காட்டுப் பரப்பைக் கணித்து வெளியிட்டு வருகின்றனர். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மரங்களின் கவிகை நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் நிலத்தை மறைக்குமாயின், அது காட்டுப் பரப்பாம். மரம் யாதென்பதும் நிலம் யாருடையதென்பதும் வினவப்படுவதில்லை. புல்வெளியோ மரமின்மையால் அக்கணக்கிற் சேர்வதில்லை. விளைவு யாது? புல்வெளி சீகைக்காடாய் மாறுங்கால் வரையாடு மேய்ச்சலை இழக்கின்றது; ஏட்டிலோ காட்டுப் பரப்பு வளர்கின்றது. சோலையை வெட்டிக் கற்பூர மரம் நடினும், அது தழைத்தபின் கணக்கிற் குறைவு தோன்றுவதில்லை. நோயால் வீங்கிய உடலைக் கண்டு, கொழுத்தான் என மகிழ்வாரை ஒக்கும் இது.

கற்பூர மரமும் மரமன்றோ எனின், பல்வகை மரமும் கொடியும் பாசியும் பறவையும் கூடிவாழும் சோலை வேறு. ஒரே மரம் நிரல்பட நிற்கும் தோப்பு வேறு என்போம். விரைந்து வளரும் கற்பூர மரம் நீரை மிகுதியும் உண்கின்றது. சீகையின் விதையோ மண்ணிற் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, தீப்பட்டபின் திரளாய் முளைத்துப் புல்லை அடக்குகின்றது.

மலைநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் மரம் சூழ்ந்திருத்தல் வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டுத் தேசியக் காட்டுக் கொள்கை. வருவாயினும் இயற்கையின் நிலைபேறே முதன்மை என்பதும் அக்கொள்கையே. எம்மரமாயினும் நட்டு நிலத்தை நிரப்பினால் முன்னது நிறைவேறும். பின்னது பொய்த்துப் போம்.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. ஒவ்வொரு காப்புக் காட்டிலும் சோலை இத்துணை, புல்வெளி இத்துணை, நட்ட தோப்பு இத்துணை எனத் தனித்தனியே எழுதி மக்கள் அறியச் செய்தல் வேண்டும். எஞ்சியுள்ள புல்வெளியில் மரம் நடுதல் அறவே ஒழிதல் வேண்டும். அயல் மரங்களைக் களைதல் இடமறிந்து நிகழ்தல் வேண்டும். சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலையெடுக்கும் இடங்களும் உளவாகலின், அங்கு ஒரே நாளில் வெட்டி வீழ்த்துதல் தீதாம்.

மாணவ நண்பர்காள்! வள்ளுவர் நாட்டின் அரணுள் ஒன்றாகக் காட்டினை வைத்து எண்ணினார். சோலை என்னும் நம் சொல்லையே உலகத்து நூலோர் அம்மலைக் காட்டிற்குப் பெயராக வழங்குகின்றனர். சொல் மட்டும் நூலில் நிலைத்து, பொருள் மலையினின்றும் மறையுமாயின், தமிழ் கற்கும் நமக்கு அதனினும் பெரிய இழிவு யாதுளது?