தண்ணீர் வந்த மறுநாள்

ஒரு கிராமத்துக்குக் குடிநீர் கொண்டுவருவதில் கஷ்டமான நாள் எது? திறப்பு விழா நாள் அல்ல, அதற்கு மறுநாள்தான்! கட்டிக் கொடுத்தவர்கள் கிளம்பிப் போயிருப்பார்கள். மோட்டார் நின்றுபோனால் யார் பார்ப்பது?

இந்தக் கேள்வியை ஒழுங்காக யோசித்தவர்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள். அங்கே 2005-ல் தொடங்கிய 'அகுவாகிளாரா' திட்டம், மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸின் சிற்றூர்களுக்குச் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைத்தது.

அங்கே மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் சேறாகிவிடும். கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. அதனால் முதலில் தெளிய வைக்க வேண்டும். மருந்து கலந்த தண்ணீர் தடுப்புகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடும்போது மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து, தொட்டியில் அடியில் தங்கிவிடும். தேத்தாங்கொட்டை செய்கிற அதே வேலைதான்!

இதற்கு மின்சாரமே வேண்டாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் வேகமே போதும். மருந்தின் அளவைச் சீராக வைப்பதற்கும் ஒரு மிதவையும் நெம்புகோலும்தான். நிலையத்தை நடத்துபவர் அந்த ஊர்க்காரர். செலவுக்கு வீடுகள் தரும் மாதக் கட்டணம். பொறுப்பு ஊர்த் தண்ணீர் கமிட்டியிடம்.

'கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லாமல் இது என்ன பொறியியல்?' என்று சிலர் கேட்கலாம். சென்சார் பழுதானால் அந்த ஊரில் கிடைக்காது. பிளாஸ்டிக் குழாய் கிடைக்கும். அதைத் தெரிந்து வடிவமைப்பதுதான் பொறியியல்.

கிராமத்துக்கு ப்ராஜெக்ட் செய்யப் போகும் மாணவர்கள் போட்டோ எடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளட்டும்: நாம் இல்லாமல் இது ஓடுமா?