மாலைக்கண்ணுக்குத் தாயைத் திட்டாதீர்கள்!

குழந்தைக்கு மாலைக்கண் என்றால், முதல் ஏச்சு தாய்க்குத்தான். "வயிற்றில் இருந்தபோது கீரை தின்றாளா?" என்று மாமியார் கேட்பார்.

கீரை நல்லதுதான். 'வைட்டமின் ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும். ஆனால், கீரையால் தீராத மாலைக்கண்ணும் உண்டு. அது பிறவியிலேயே வருவது.

எப்படி?

கண்ணின் உள்ளே விழித்திரை இருக்கிறது. அதில் ஒளியை வாங்கும் செல்கள் 2 ரகம். ஒன்று, கோல் செல். சுமார் 12 கோடி இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் பார்வை தருபவை இவைதான். மற்றது, கூம்பு செல். சுமார் 60 லட்சம். பகலில் நிறம் காட்டுபவை இவை.

இரண்டும் ஒரே தாய்ச் செல்லில் இருந்து பிறக்கின்றன! கோல் ஆவதற்கான மரபணுவும் அதில் உண்டு. கூம்பு ஆவதற்கான மரபணுவும் உண்டு. கோல் செல் கோலாகவே வளரவேண்டுமானால், கூம்பு மரபணுக்களை அடக்கி வைக்கவேண்டும்.

'என்.ஆர்.எல்.' என்ற மரபணு உத்தரவு போடுகிறது. 'என்.ஆர்.2இ3' என்ற மரபணு அடக்குகிறது. இன்ஸ்பெக்டரும் ஏட்டும் மாதிரி!

2001-ல் அமெரிக்காவில், மிச்சிகன் பல்கலைக்கழக விஞ்ஞானி ஆனந்த் சுவரூப்பின் குழுவினர், சுண்டெலிகளிடம் இருந்து என்.ஆர்.எல். மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். விழித்திரையில் ஒரு கோல் செல்கூட இல்லை! அந்த இடத்தில் கூம்புகளே நிறைந்திருந்தன.

மனிதருக்கு ஏட்டு பழுதானாலும் இதே கதிதான். நீல ஒளிக் கூம்புகள் பெருகிவிடும். கோல்கள் வேலை செய்யாது. சிறு வயதிலேயே குழந்தை இருட்டில் தடுமாறும். இந்தக் காரணம் 2000-ல் தெரியவந்தது.

பழுதான மரபணு தாயிடம் இருந்து ஒன்று, தந்தையிடம் இருந்து ஒன்று வந்தால்தான் இந்த நோய் வரும். பெற்றோர் கண்கள் நன்றாகவே இருக்கும். பிறகு, மருமகளை மட்டும் ஏசுவது என்ன நியாயம்? உங்கள் மகனும் பாதி கொடுத்திருக்கிறாரே!

மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே கட்டினால், ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். சொத்து வெளியே போகக்கூடாது என்று பார்க்கிறோம். பழுதும் வெளியே போவதில்லை!

இருட்டில் தடுமாறும் குழந்தையை அடிக்காமல், கண் டாக்டரிடம் காட்டுங்கள். 'இ.ஆர்.ஜி.' சோதனையில், ஒளி பட்டதும் விழித்திரையில் எழும் மின்சாரத்தை அளப்பார்கள். கோல்கள் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். மரபணுவைப் பார்க்க ரத்தச் சோதனையும் உண்டு.

தகப்பனாரும் கூடப் போகட்டும். அவருடைய ரத்தமும் தேவைப்படும்.