நாவற்கனியை உலுக்கலாமா?

ஔவைப் பிராட்டியாருக்காக முருகப்பெருமான் நாவற்கிளையை உலுக்கிய கதையை அறியாதார் நம் நாட்டில் இலர். மணலில் வீழ்ந்த கனியைப் பாட்டியார் ஊதியதும், பழம் சுடுகிறதோ எனச் சிறுவன் நகைத்ததும் கேட்க இனியவையே. ஆயினும் அது தெய்வத்தின் திருவிளையாடல். ஆனி, ஆடி மாதங்களில் நம் குடியானவர்கள் அதனையே வழக்கமாகக் கொண்டிருப்பது பெருநஷ்டத்திற்கு ஏதுவாகும் என்பது எமது கருத்து.

நாவல் மாவைப் போன்றதன்று. முற்றிய மாங்காயைப் பறித்து வைக்கோலில் இட்டால் பழுக்கும். நாவற்காயோ மரத்தை விட்டு நீங்கியபின் பழுப்பதில்லை. மேலும், ஒரே கொத்தில் பச்சை, சிவப்பு, கருமை ஆகிய மூன்று நிறக் காய்களும் காணப்படும். கிளையை ஓங்கி உலுக்கினாலும் கோலால் அடித்தாலும், சில நாளில் கனியத்தக்க செங்காய்களும் உடன் உதிர்ந்து ஒருவருக்கும் உதவாமற் போகின்றன. கனிந்தவையோ தரையில் மோதி வெடித்து, மண் ஒட்டி, விரைவில் புளித்துவிடுகின்றன. பின்னர் வியாபாரி விலையைக் குறைத்தால் அவரை நோவதிற் பயனில்லை.

மரமேறிப் பறித்தால் கூலி கட்டாது என்பர் சிலர். அதில் உண்மை இல்லாமலில்லை. அன்றியும் நாவற்கிளை எளிதில் முறியும் இயல்புடையது; ஒரு கூடைப் பழத்திற்காக நுனிக்கிளைக்குச் சென்று உயிரைப் பணயம் வைத்தல் தகாது. ஆதலால், எட்டுங் கொத்துகளை ஏணியில் நின்று, தோளில் பை மாட்டிக் கையாற் பறித்தல் வேண்டும். எட்டாதவற்றின் கீழே நால்வர் படுதாவை விரித்துப் பிடிக்க, ஒருவர் தொரட்டியால் கிளையை மெல்ல அசைத்தல் போதும். நன்கு கறுத்துக் கனிந்தவையே பெரும்பாலும் உதிரும். எஞ்சியவற்றை ஓரிரு நாள் விட்டு மீண்டும் பறிக்கலாம்.

பறித்த பழத்தை ஆழமில்லாக் கூடையில் இலை பரப்பி வைத்து அன்றே சந்தைக்கு அனுப்புக. வீட்டிலுள்ளோர் நீரில் அலசிச் சிறிது உப்புத் தூவி உண்பின் துவர்ப்புத் தணிந்து இனிப்பு மிகும். விற்பனைக்கு மிஞ்சியதைப் பிழிந்து சாறாகவோ காடியாகவோ ஆக்கலாம். கொட்டைப் பொடியை நீரிழிவுக்கு உண்போர் உளர். அதனை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தலாகாது.

சாலைகளை அகலப்படுத்துங்கால் வெட்டுண்ட நாவல் மரங்கள் பல. விதைக்கன்று காய்க்க 8 முதல் 10 ஆண்டுகளும், ஒட்டுக்கன்று காய்க்க 6 அல்லது 7 ஆண்டுகளும் ஆகும். ஆகவே இருக்கும் மரத்தை அடித்து வருத்தாது காப்பதோடு, இம்மழைக்காலத்திலேயே தோட்டத்தின் ஓரத்தில் ஒரு கன்றேனும் நடுமாறு குடியானவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.