பூட்டைக் கழற்ற முதல் ஒரு நிமிஷம்

2025 ஒக்டோபர் 14 அன்று வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. வின்டோஸ் 11 போடுவோம் என்றால், இன்டெல் புரொசசர் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எங்களில் பலருடைய கையில் இருப்பதோ அண்ணா, அக்கா பாவித்து முடித்த லப்டொப். அதனால் கந்தளாயிலும் லினக்ஸ் பற்றிய பேச்சு வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் யாரைக் கேட்டாலும் முதல் வரும் பதில் ஒன்றுதான்: "பயோஸுக்குள்ள போய் செக்யூர் பூட்டை ஓஃப் பண்ணு."

இதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

செக்யூர் பூட் 2012இல் வின்டோஸ் 8ஓடு பரவலானது. கணினியை ஓன் பண்ணியதும், வின்டோஸோ லினக்ஸோ எழும்ப முதலே, ஏற்றப்படும் நிரலில் நம்பகமான கையொப்பம் இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்த நேரத்தில் நுழையும் வைரஸை அன்டிவைரஸ் கண்டுபிடிப்பது மிகக் கஷ்டம், அது அதற்குப் பிறகுதானே எழும்புகிறது.

லினக்ஸுக்காக இதை நிறுத்தத்தான் வேண்டுமா? உபுண்டு, பெடோரா பல வருஷமாக இதோடு ஓடுகின்றன. டெபியனும் 2019இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து ஓடுகிறது. நிறுத்தினால் வேறொரு ஆபத்தும் உண்டு. பிட்லொக்கர் போட்ட லப்டொப் அடுத்த முறை 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் டிஸேர்டேஷனும் போச்சு, குடும்பப் படங்களும் போச்சு.

இது உடைக்கவே முடியாத பூட்டு என்று நாங்கள் சொல்லவில்லை. பிளக்லோட்டஸ் இதையும் தாண்டியது. பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசொப்டின் திறவுகோலே நம்பகத்தைத் தீர்மானிக்கிறது என்ற விமர்சனமும் நியாயமானது. சில லினக்ஸ் வகைகளுக்கும் சில டிரைவர்களுக்கும் நிறுத்த வேண்டியும் வரலாம். கணினி எங்களுடையது, நிறுத்தும் உரிமையும் எங்களுடையதுதான்.

ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்வது உரிமை இல்லை. நாங்கள் பார்த்த எந்த பயோஸ் திரையிலும் தமிழ் இல்லை. அதனால்தான் யாரோ சொன்ன வரியை அப்படியே செய்துவிடுகிறோம். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் முதலில் பைல்களை வேறிடத்தில் கொப்பி பண்ணுங்கள், மீட்புத் திறவுகோலை எழுதி வையுங்கள், பிட்லொக்கரை இடைநிறுத்துங்கள். வேலை முடிந்ததும், அந்த லினக்ஸ் அதோடு ஓடுமென்றால், திரும்ப ஓன் பண்ணுங்கள். கடையில் கொடுத்தாலும், "செக்யூர் பூட்டை என்ன செய்தீங்க?" என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

தெரிந்தவர்கள் இதைத் தமிழில் எழுதிப் பகிர வேண்டும். "ஓஃப் பண்ணு" கடைசி வழியாக இருக்கட்டும், முதல் அறிவுரையாக வேண்டாம்.