மிதிவண்டியும் பாலாறும்

பிறந்த மண்ணை அறிந்துகொள்ள நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மெதுவாகச் சென்றால் போதும். வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவு. சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கி விரையும் ஊர்திகள் அதனை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். உள்ளிருப்போருக்கு அந்நிலம் சன்னல் வழியே ஓடி மறையும் வெறுங்காட்சி. தனியே மிதிவண்டியில் செல்பவருக்கோ அதே தொலைவு ஒரு முற்பகல் முழுவதும் நீளும். காற்றின் திசையையும் மேட்டின் உயரத்தையும் அவர் கால்கள் அறியும். மண்ணின் மணத்தை அவர் மூச்சு அறியும்.

மிதிவண்டி நெடுங்காலம் எளியோரின் ஊர்தியாக மட்டுமே எண்ணப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்வழி எழுத்தறிவு பெற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டவும் கற்றபோது, அது விடுதலையின் கருவி என்பது விளங்கியது. அயர்லாந்தைச் சேர்ந்த டெர்வ்லா மர்ஃபி 1963இல் தன்னந்தனியாக மிதிவண்டியில் ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவை வந்தடைந்தார். இன்று தமிழ்நாட்டின் மேல்நிலை மாணவர்க்கு அரசே மிதிவண்டி வழங்குகிறது. பள்ளிக்குச் சென்று திரும்புவதோடு அதன் பயன் முடிந்துவிடுவதில்லை. சொந்த மாவட்டத்தைக் கற்பதற்கு அதனினும் சிறந்த ஏடு இல்லை.

வேலூர்க் கோட்டையின் அகழியைக் கடந்து மேற்கு நோக்கிப் புறப்படுபவர் நான்குவழிச் சாலையை விடுத்து ஊர்ச்சாலைகளைத் தேர்வதே நன்று. அச்சாலைகளில்தான் ஊர்கள் முகம் காட்டும். பழமொழியில் இடம்பெற்ற மதிலழகைக் கொண்ட விரிஞ்சிபுரம் முதலில் வரும். அடுத்து, அரங்கநாதர் பள்ளிகொண்ட திருத்தலமான பள்ளிகொண்டா. தென்புறம் சவ்வாது மலைத்தொடர் தொலைவில் உடன்வரும். தென்னந்தோப்புகளும் வாழைத்தோட்டங்களும் இடையிடையே நிழல் தரும். அருகிலேயே பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 222 கி.மீ. ஓடும் ஆறு அது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அங்குத் தென்படுவது நீரன்று. மணலும் சீமைக்கருவேல முட்களுமே. மணலுக்கடியில் ஓடிய நீரை ஊற்றுக்கால்கள் வெட்டி வயல்களுக்குக் கொண்டுசென்ற உழவர்களின் நிலம் இது.

மூன்றாம் மணி நேரத்தில் மிதிவண்டிக்காரருக்குத் தாகம் எடுக்கும். கையிலுள்ள நீர் தீர்ந்திருக்கும். அவர் ஒரு வீட்டு வாயிலில் நின்று தண்ணீர் கேட்பார். முகம் அறியாதவர்க்கும் மறுக்காமல் நீர் தருவது இம்மண்ணின் பண்பு. தோல் பதனிடும் ஆலைகள் சூழ்ந்த சிற்றூர்களில், கிணறு முற்றத்திலேயே இருக்க, விலைக்கு வாங்கிய குடுவையிலிருந்து அந்நீர் வரும் வீடுகள் உண்டு. கிணற்று நீர் உவர்த்துப்போனது என்பதே அவர்கள் சொல்லும் காரணம். ஆற்றங்கரையில் வாழ்வோர் நீரை விலைக்கு வாங்குவது ஏன் என்னும் கேள்வி, அந்தக் குவளையை வாங்கிப் பருகியவரை எளிதில் விட்டு நீங்காது.

இதற்கு விடை தோலின் வரலாற்றில் உள்ளது. முற்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களைக் கொண்டு தோல் பதனிடப்பட்டது. 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையான தோற்பொருள் ஆக்கத்தை ஊக்குவித்தது. தொழில் பெருகியது, குரோமிய உப்பால் பதனிடும் முறையும் பரவியது. தோல் கெடாதிருக்க இடும் உப்பும், பதனிடுகையில் சேரும் வேதிப்பொருள்களும் கழிவுநீரோடு மண்ணை அடைந்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப்போனதாகக் கண்ட ஆய்வைச் சுட்டியது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கம் எனவும் அது அறிவித்தது.

அதே சாலையில் வேறொரு காட்சியும் உண்டு. விடியற்காலையில் காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பேருந்துகளில் பெண்கள் நிறைந்திருக்கின்றனர். அவர்களுடைய ஊதியத்தில் பிள்ளைகள் படிக்கின்றனர்; அடுப்புகள் எரிகின்றன. ஆலைகள் அனைத்தையும் மூடுக என்பார்க்கு இப்பெண்களின் முகம் தெரிவதில்லை. தொழில் வளர்ந்தால் போதும் என்பார்க்கு உவர்த்த கிணறு தெரிவதில்லை. மிதிவண்டியில் செல்பவர் இரண்டையும் ஒரே நாளில் காண்கிறார். அதனால் அவருடைய கேள்வி வேறாகிறது: வேலையும் வேண்டும், நீரும் வேண்டும் எனில் செய்ய வேண்டியது என்ன? உப்பைக் குறைத்துத் தோலைப் பாதுகாக்கும் முறைகளும், கழிவுநீரை மீண்டும் பயன்படுத்தும் நிலையங்களும், அவை முறையாக இயங்குகின்றனவா என்னும் இடையறாத கண்காணிப்பும் விடையின் பகுதிகள். தீர்ப்பு மட்டும் போதாது. பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மீண்டும் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது அதற்குச் சான்று.

தனியே செல்வது ஆபத்து, அதிலும் பெண்கள் செல்வது பேராபத்து என்று தடுப்போர் உண்டு. அவர்களுடைய அச்சத்தைப் புறந்தள்ளுவதற்கில்லை. செல்லும் வழியை வீட்டில் சொல்லிவிட்டுப் பகலில் செல்லலாம்; கனரக ஊர்திகள் விரையும் சாலையைத் தவிர்க்கலாம். அச்சம் நீங்கும் வகையில் சாலையோரத்தில் மிதிவண்டிக்கெனத் தனித்தடம் அமைப்பது அரசின் கடமை. ஆனால் தன் மண்ணைக் காணாமலே வளரும் தலைமுறை அதனைக் காக்க முன்வராது என்பது இவ்வாபத்துகள் அனைத்தினும் பெரிது.

மாலையில் வீடு திரும்பும் மிதிவண்டியின் சக்கரங்களில் பாலாற்றின் மணல் ஒட்டியிருக்கும். அதைக் கழுவக் குழாயைத் திறப்பவர், ஓடும் நீரைக் கண்டு ஒரு கணம் நிற்பாராயின், அந்தப் பயணம் வீண்போகவில்லை.