காட்சியும் ஒரு விளைபொருளே

இத்தாலி தேசத்தின் மத்திய பாகத்தில் டஸ்கனி என்னும் பிராந்தியமும், அதில் ஸியெனா என்னும் ஜில்லாவும் இருக்கின்றன. அந்த ஜில்லாவின் தென்பாகத்தில் ஓர்ச்சா என்னும் சிற்றாறு பாய்கிறது. அவ்வாற்றுப் பள்ளத்தாக்கில் பீன்சா, மொந்தால்ச்சீனோ, ஸான் கீரிகோ, காஸ்தில்யோனே, ராதிகோபானி ஆகிய ஐந்து ஊர்களும் அவற்றைச் சார்ந்த நிலங்களும் அடங்கியுள்ளன. சுமார் 1,50,000 ஏக்கர் விஸ்தீரணமுள்ள இப்பிரதேசத்தை ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் 2004-ம் வருஷத்தில் உலகப் பாரம்பரிய ஸ்தலங்களின் ஜாபிதாவில் சேர்த்தது.

அந்த ஜாபிதாவில் கோவில்களும், கோட்டைகளும், அரண்மனைகளும் மிகுதியாக இடம்பெற்றிருப்பதை யாவரும் அறிவர். ஆனால் ஓர்ச்சாப் பள்ளத்தாக்கில் பெருமை பெற்றது உழவு நிலம். கோதுமை வயல்களும், ஒலிவத் தோப்புகளும், திராட்சைத் தோட்டங்களும், ஆட்டு மந்தைகளும், குன்றுதோறும் தனித்து நிற்கும் குடியானவர் வீடுகளுமே அங்கே பார்க்கத்தக்கவை எனப்பட்டன. பயிர்த்தொழிலையே ஜீவனமாகக் கொண்டவர்கள் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கண்ணுக்கினிய காட்சியும் நிலத்தின் ஒரு விளைபொருளே. உழவு ஓய்ந்தால் அவ்விளைவும் ஓயும். இவ்வுண்மையை மறந்து, காட்சியை மட்டும் விற்று வாழலாமென எண்ணுவது பெருந்தவறு.

அங்கு வரும் பிரயாணிகளின் பொழுதுபோக்குகள் பலவகை. கான்டர்பரியிலிருந்து ரோமாபுரிக்குச் செல்லும் பிரான்சிஜேனா என்னும் பழைய யாத்திரைப் பாதை இப்பள்ளத்தாக்கின் ஊடே செல்கிறது. கி.பி. 990-ம் வருஷத்தையொட்டி சிகெரிக் என்னும் அத்தியட்சர் நடந்த அப்பாதையில் இன்றும் மூட்டை சுமந்து நடப்போர் உளர். அவ்வழியை அடுத்த பாஞோ விஞோனி என்னும் சிற்றூரில், ஊர்ச் சதுக்கம் இருக்கவேண்டிய இடத்தில் வெந்நீர் ஊற்றுக் குளம் ஒன்று கற்கரையோடு விளங்குகிறது. அதில் இப்பொழுது நீராட அனுமதியில்லை. கரையில் நின்று ஆவி எழுவதைக் காணலாம். மேற்றிசையில் 1,738 மீட்டர் உயரமுள்ள அமியாத்தா மலை நிற்கிறது. பீன்சாவோ 1459-ம் வருஷம் முதல் இரண்டாம் பயஸ் என்னும் போப்பின் ஆணையால், ரொஸெல்லீனோ என்னும் சிற்பியைக் கொண்டு, அவர் பிறந்த கிராமத்தையே நகரமாக்கி அமைத்தது. அவ்வூரின் மதிலோரம் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்த பின்பு, அதே நிலத்தில் மேய்ந்த ஆடுகளின் பாற்கட்டியை வாங்கிச் செல்லாதவர் சிலரே.

இத்தனை அழகும் இயற்கை தானே அளித்ததென்று கருதுதல் சரியன்று. பூர்வ காலத்தில் கடலடியில் படிந்த களிமண்ணே அங்கு பெரும்பாலும் காணப்படுவது. கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் கரைந்து ஓடும். மண்ணரிப்பால் உண்டான வெள்ளை மேடுகளும் ஆழ்ந்த ஓடைகளும் இன்றும் ஆங்காங்கே உள்ளன. இத்தகைய நிலத்தையே 14, 15-ம் நூற்றாண்டுகளில் ஸியெனா நகரத்தார் தம் ஆளுகையில் திருத்தி அமைத்தனர். அவர்களுடைய நகர மண்டபத்தில், ஒன்பது அதிகாரிகள் கூடி ஆலோசனை செய்த அறையின் சுவரில், அம்ப்ரோஜியோ லொரென்ஸெத்தி என்னும் சித்திரக்காரர் 1338, 1339-ம் வருஷங்களில் நல்லாட்சியின் பயனையும் தீய ஆட்சியின் பயனையும் தீட்டி வைத்தார். நல்லாட்சியின் பக்கத்தில் குடியானவர் உழுகிறார்கள், கதிரடிக்கிறார்கள். பாரமேற்றிய மிருகங்கள் அச்சமின்றிச் சாலையில் செல்கின்றன. தீய ஆட்சியின் பக்கத்திலோ நிலம் பாழாய்க் கிடக்கிறது. கிராம நிர்வாகம் செய்வோர்க்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

மற்றோர் உதாரணமும் கூறலாம். மொந்திக்கியெல்லோ என்னும் ஊரருகே, ஸைப்ரஸ் மரங்கள் இருமருங்கும் நிற்க, குன்றின்மேல் வளைந்து வளைந்து ஏறும் சாலை ஒன்று உண்டு. அதன் படம் உலகெங்கும் அச்சாகியிருக்கிறது. பார்ப்பவர் அதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தியதெனக் கருதுவர். உண்மையில், அன்டோனியோ ஒரிகோ, ஐரிஸ் ஒரிகோ என்னும் தம்பதிகள் 1924-ம் வருஷத்தில் லா போச்சே என்னும் பாழ்பட்ட பண்ணையை வாங்கி, மண்ணரிப்பைத் தடுத்து, வழியும் பள்ளிக்கூடமும் அமைத்துச் சீர்திருத்திய பின்னர் உண்டானதே அச்சாலை. பிரயாணிகள் வியக்கும் சித்திரம், பண்ணைச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியாகவே பிறந்தது.

எனினும் அழகிய காட்சியின் பின்னே இருந்த வறுமையையும் மறைத்தலாகாது. அந்நாட்டில் மெத்ஸாத்ரியா என வழங்கியது சரிபாதி வாரமுறை. நிலமும் வீடும் நிலச்சுவான்தாருடையவை, உழைப்பு குடியானவருடையது, விளைவு இருவர்க்கும் பாதி பாதி. குன்றுகளின்மேல் இன்று தனித்து நிற்கும் கல்வீடுகள் அவ்வாரக்குடிகள் வாழ்ந்தவை. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் அவர்களுடைய மக்கள் தொழிற்சாலைகளை நாடி நகரங்களுக்குப் போயினர். 1964-ம் வருஷத்துச் சட்டம் புதிய வார உடன்படிக்கைகளைத் தடுத்தது. 1982-ம் வருஷத்துச் சட்டம் எஞ்சியவற்றைக் குத்தகையாக மாற்ற வழிசெய்தது. வாரமுறை ஒழிந்தது நியாயமே. ஆனால் குடிபோன வீடுகள் கூரை சரிந்து நின்றன. அவற்றுட் பல, வாரக்குடியின் கையிலன்றி, பணம்படைத்த வெளியூராரின் கையிலும் அயல்நாட்டாரின் கையிலும் போய்ச் சேர்ந்தன.

இந்நிலையில் இத்தாலிய சர்க்கார் கைக்கொண்ட ஏற்பாடு பாராட்டத்தக்கது. குடியானவர் தம் பண்ணையில் விருந்தினரைக் கட்டணத்திற்கு ஏற்றுக்கொள்ளும் முறைக்கு 1985-ம் வருஷத்தில் ஒரு சட்டமும், 2006-ம் வருஷத்தில் அதற்குப் பதிலாக வேறொரு சட்டமும் இயற்றினர். அச்சட்டத்தின்படி இவ்வுரிமை பயிர்த்தொழில் செய்வோருக்கே உண்டு. பயிர்த்தொழிலே பிரதானமாயும், விருந்தோம்பல் அதனோடு இணைந்ததாயும் இருத்தல் வேண்டும். விருந்தினரைத் தங்கவைக்கப் பண்ணையில் ஏற்கெனவே உள்ள கட்டிடங்களையே உபயோகிக்கலாம். அளிக்கும் உணவும் பெரும்பாலும் சொந்த நிலத்திலும் அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலும் விளைந்ததாதல் அவசியம். விருந்தினர் 10 பேருக்கு மேற்படாவிடில் பயிர்த்தொழிலே பிரதானமெனக் கொள்ளப்படும். மேற்படின், இரண்டு வேலைகளுக்கும் செலவாகும் காலத்தை முக்கியமாகக் கொண்டு பிராந்திய அரசாங்கம் வகுத்த விதிப்படி அது தீர்மானிக்கப்படும்.

இவ்விதிகளை வீண் தொல்லை எனக் கூறுவாரும் உளர். களிமண் குன்றில் கெட்டிக் கோதுமை விதைத்துக் கிடைக்கும் ஆதாயத்தினும் ஓர் அறையின் வாடகை மேலாயின், ஏன் உழவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே, அலட்சியம் செய்யத்தக்கதன்று. விளைபொருளின் விலை வீழ்ந்த வருஷத்தில் கையில் ரொக்கம் தருவது விருந்தினரின் வருகையே. பண்ணையில் தங்கியவர் எண்ணெயையும் பாற்கட்டியையும் அங்கேயே நேரில் வாங்குவதால் தரகு மிச்சமாகிறது. மொந்தால்ச்சீனோவின் புரூனெல்லோ என்னும் திராட்சை மது, அறுவடைக்குப் பின் ஐந்தாம் வருஷம் ஜனவரியில்தான் விற்பனைக்கு வரலாம். அத்தனை காலம் முதலைத் தேக்கிவைப்போர்க்கு விருந்தினரின் ரொக்கம் பேருதவி.

ஆனால் உழாத நிலம் எவ்வாறாகும் என்பதையும் கேட்கவேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் பச்சைக் கம்பளம்போல் அலைவீசுவது விதைத்த கோதுமையே; அதனோடு மாற்றிப் பயிரிடும் குதிரைமசால் முதலியவையே மண்ணுக்கு உரமூட்டுபவை. விதைப்பு நின்றால் முதலில் களையும், பின் முட்புதரும் ஏறும். பேணாத ஓடை ஒவ்வொரு மழையிலும் வயலை அறுக்கும். பிறகு எதைக் காணப் பிரயாணிகள் வருவர்? அறை இருக்கும், ஜன்னலுக்கு வெளியே காட்சி இராது. ஆதலின் அறை வாடகையில் ஒரு பங்கு வரப்புக்கும், வாய்க்காலுக்கும், மரத்துக்கும் திரும்பிச் செல்லுதல் தர்மம் மட்டுமன்று, நல்ல வியாபாரமுமாகும்.

கிராமாதிகாரிகளின் கடமையும் இங்கே சிறிதன்று. படம் பிடிப்பதற்காகப் பயிருக்குள் நுழைவோர் காலடியில் மடிவது ஒரு குடும்பத்தின் விளைச்சல். பார்வைக்கென நிற்குமிடம் ஒதுக்குதலும், வண்டிகளுக்குத் தனியிடம் வகுத்தலும், வயலுக்குள் புகுவோரைத் தடுத்தலும் ஊராட்சியின் பொறுப்பு. இதற்கு நேர்மாறாக, வருவோரைக் கொண்டே ஊரின் உடைமையைக் காக்கலாம் என்பதற்கும் அப்பிராந்தியத்திலேயே சான்றுண்டு. சரளை பரப்பிய வெண்ணிறப் பண்ணைப் பாதைகள் தார்ச்சாலைகளாக மாறி மறைந்துவந்த காலத்தில், கையோலே என்னும் ஊரில் 1997-ம் வருஷம் ஒரு சைக்கிள் விழா தொடங்கப்பட்டது. பழைய மாதிரிச் சைக்கிள்களில் அப்பாதைகளில் செல்வதே அவ்விழா. அப்பாதைகளைக் காப்பதே அதன் நோக்கம். 2007-ம் வருஷம் முதல் தேர்ந்த வீரர்களின் பந்தயமும் அத்தகைய பாதைகளில் நடந்து வருகிறது. இதனால் பண்ணைப் பாதை ஒன்றைப் பேணுவதற்கு ஊராருக்கு மற்றொரு காரணமும் கிடைத்தது.

ஆகவே பிரயாணிகளை வெறுத்து ஒதுக்குவதும் தவறு. அவர்களை நம்பி ஏரைக் கட்டிவைப்பதும் தவறு. பண்ணைக்கு வரும் விருந்தினர் குடியானவரின் வருமானத்திற்கு ஊன்றுகோலாக இருக்கலாம், காலாக இருத்தலாகாது. ஒரு வருஷம் நோயினாலோ யுத்தத்தினாலோ வழிகள் அடைபடின், அறை மட்டும் உடையவர் கையறு நிலையடைவர் என்பதை 2020-ம் வருஷத்துக் கொள்ளைநோய் உலகிற்குக் காட்டிவிட்டது. நிலத்தையும் கைவிடாதவருக்கோ அவ்வருஷமும் கோதுமை முளைத்தது, ஆடு பால் தந்தது.

விருந்தினருக்கு விருந்து வைப்பது நன்று. விதை தானியத்தை எடுத்துச் சமைத்து விருந்து வைப்பது நன்றன்று. ஓர்ச்சாப் பள்ளத்தாக்கின் உழவர்க்குக் காட்சியின் விதை தானியம் அவர்களுடைய ஏர்ச்சாலே. அதனைக் காத்துக்கொள்ளும்வரை விருந்தும் குறையாது, வீடும் குறையாது.